மூடியைப் பிடிப்பவள்

ஜனவரி 12

அன்புள்ள சித்திக்கு,

இந்தக் கடிதத்திலும் இனி எழுதப்போகும் கடிதங்களிலும் கண்டதைக் கண்டபடியே எழுதுவேன் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கூட்டவும் மாட்டேன், குறைக்கவும் மாட்டேன். "அங்கேயிருந்து எங்க ஆபீசுக்கு வர்ற அறிக்கையெல்லாம் ஒரே மாதிரி இருக்கு, நீ பார்த்ததை எழுதுடி வாத்தியாரம்மா" என்று நீங்கள் போனில் கேட்டபோதே இந்த முடிவுக்கு வந்துவிட்டேன்.

நான் நலம். அம்மாவும் நலம், வலது முழங்கையைத் தவிர. கடப்பாரை பிடிக்கிற கைக்கு நலம் விசாரித்தால் அது சிரிக்கும் என்கிறார். உங்கள் இருமல் குறைந்ததா?

உங்கள் அறக்கட்டளை கொடுத்த நிதியில் இங்குள்ள மையம் பயிற்சியைத் தொடங்கிவிட்டது. சனிக்கிழமை மதியம், சந்தைக் கிடங்குக்கு மேலே உள்ள கூடத்தில். 'விளிம்புநிலைப் பெண்களின் அரசியல் பங்கேற்பை விரிவாக்குதல்' என்று சுவர் நீளத்துக்குத் துணி கட்டியிருக்கிறார்கள். அம்மாவும் அவரோடு சந்தைச் சாக்கடையைச் சுத்தம் செய்பவர்களும் வேலை முடிந்ததும் அப்படியே மாடியேறி வருகிறார்கள். எனக்குப் பள்ளி விடுமுறை என்பதால் பாடப்புத்தகத்தோடு பின்வரிசையில் உட்கார்ந்துகொள்கிறேன்.

ஒருங்கிணைப்பாளர் மேடத்துக்கு முதல் நாளே பெயர் வைத்துவிட்டார்கள்: கைதட்டு மேடம். எதைத் தொடங்கினாலும் எல்லோரும் எழுந்து மூன்று முறை கைதட்ட வேண்டும். பிறகு மாதிரித் தேர்தல். வேட்பாளர்கள் தக்காளியும் கத்தரிக்காயும். நிஜக் காய்கள்தான், மேசைமேல் வைத்திருந்தார்கள். ஒவ்வொருவரும் அட்டைப்பெட்டிக்குள் ஓட்டுப் போட்டார்கள்.

"ஏன் மேடம், நிஜத் தேர்தல்லயே நாங்க வருஷக்கணக்கா ஓட்டுப் போடறோமே?" என்று ரேடியோ அக்கா கேட்டார். உங்களுக்கு அவரைத் தெரியும், அம்மாவின் ஜோடி, வாய் ஓயாதவர்.

"இது பயிற்சிம்மா. முதல்ல மனசுல இருக்கிற பயம் போகணும்."

"யாரைப் பார்த்துப் பயம்? கத்தரிக்காயைப் பார்த்தா?"

தக்காளி வென்றது. தோற்றவரை ரேடியோ அக்கா மடியில் கட்டிக்கொண்டு வீட்டுக்குக் கூட்டிப்போனார். எனக்கு இதெல்லாம் புதிதாகவும் பெரிதாகவும் இருக்கிறது. இதற்குப் பின்னால் நீங்கள் இருக்கிறீர்கள் என்று நினைக்கும்போது பெருமையாகவும் இருக்கிறது.

உங்கள் பதிலுக்காகத் தபால்காரரைத் தொந்தரவு செய்யப்போகும்,
வாத்தியாரம்மா

•

ஜனவரி 25

என் செல்ல வாத்தியாரம்மாவுக்கு,

சித்தி சௌக்கியம். இருமலும் சௌக்கியமாக என்னோடுதான் இருக்கிறது. கத்தரிக்காய் விஷயத்தைப் படித்து ஆபீசில் தனியாகச் சிரித்து, பக்கத்து மேசைக்காரர் எட்டிப் பார்த்துவிட்டார். இப்படித்தான் எழுத வேண்டும். எனக்கு வரும் அறிக்கைகளில் மனிதர்களே இருப்பதில்லை, விழுக்காடு மட்டும்தான்.

ஒரு சின்ன விஷயம். நான் உன் சித்தி என்று மையத்தில் யாரிடமும் சொல்லிக்கொள்ளாதே. நிதி போகிற இடத்தில் சொந்தக்காரர்கள் இருக்கக்கூடாது என்று எங்களுக்கு விதி. தப்பாக ஒன்றுமில்லை, வீண் பேச்சு எதற்கு? அக்காவிடமும் சொல்லியிருக்கிறேன். அவளுக்குப் புரியும். எனக்காக அவள் புரிந்துகொள்ளாதது எது?

இரண்டு புத்தகங்கள் அனுப்புகிறேன். தடிமனானதை முதலில் படி. அக்காவின் முழங்கைக்குத் தைலமும் வைத்திருக்கிறேன். அவள் தடவ மாட்டாள், நீ தடவிவிடு.

நிறைய எழுது. எல்லாவற்றையும் எழுது.

முத்தங்களுடன்,
சித்தி

•

பிப்ரவரி 20

அன்புள்ள சித்திக்கு,

புத்தகங்கள் வந்தன. தடிமனானது முடிந்துவிட்டது. தைலமும் முடியப்போகிறது, ஏனென்றால் ரேடியோ அக்காவும் கையை நீட்டுகிறார். இங்கே எல்லோரும் நலம். நீங்கள் வேளைக்குச் சாப்பிடுகிறீர்களா என்று அம்மா கேட்கச் சொன்னார்.

எனக்கு ஒரு வேலை கிடைத்திருக்கிறது. எழுத்து நன்றாக இருக்கிறது என்று கைதட்டு மேடம் என்னை 'குரல்கள்' எழுதச் சொல்லியிருக்கிறார். ஒவ்வொரு பெண்ணுக்கும் இரண்டு வரி. பயிற்சிக்கு முன் எப்படி இருந்தேன், பின் எப்படி ஆனேன் என்று. அவர்கள் அதை மனப்பாடம் செய்து, படம் பிடிக்கிறபோது சொல்ல வேண்டும். நான் ஒவ்வொருவரிடமும் கேட்டுக் கேட்டு எழுதிக் கொடுத்தேன். மேடம் வாங்கிப் பார்த்துவிட்டு எல்லாவற்றையும் அடித்துவிட்டு, எல்லோருக்கும் ஒரே வரியைக் கொடுத்தார். அதனால் ஊரில் யாரையும் பேச விடாத ரேடியோ அக்கா கேமராவுக்கு முன்னால், "நான் வாய் திறக்கவே பயந்தவள்" என்று சொன்னார். கூடமே விழுந்து விழுந்து சிரித்தது. ஏழு தடவை எடுத்தார்கள். எனக்குக் கொஞ்சம் அருவருப்பாக இருந்தது சித்தி, உண்மையை எழுதுகிறேன் என்று சொன்னதால் இதையும் எழுதுகிறேன்.

இனி எழுதப்போவது ரகசியம். உங்களுக்கு மட்டும்.

சாக்கடை வேலை இரண்டு பேர் வேலை என்பது உங்களுக்குத் தெரியும். ஒருத்தி கடப்பாரையால் கல்மூடியை நெம்பிச் சாய்த்துப் பிடிப்பாள். இன்னொருத்தி தலையையும் கைகளையும் உள்ளே விட்டு அள்ளுவாள். பிடிக்கிறவள் கொஞ்சம் அசந்தால் குனிந்தவள் கழுத்தில் கல் விழும். போன செவ்வாய்க்கிழமை டீ நேரத்தில் சந்தைக்குப் பின்னால் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள். ஜூலையில் நடக்கப்போகும் வார்டு தேர்தலில் தக்காளி நிற்காது, நம்மில் ஒருத்தி நிற்கட்டும் என்று ரேடியோ அக்காதான் ஆரம்பித்தார். யார் என்று கேள்வி வந்ததும் ஒவ்வொருத்தியும், எவள் மூடியைப் பிடித்தால் பயமில்லாமல் குனிவேன் என்று சொன்னாள். அம்மாவைத் தவிர எல்லோரும் அம்மாவைச் சொன்னார்கள். அம்மா ரேடியோ அக்காவைச் சொன்னார். "நான் பிடிச்சா பேச்சு சுவாரசியத்துல விட்டுடுவேன்டி" என்று ரேடியோ அக்காவே மறுத்துவிட்டார்.

அம்மா நிற்கப்போகிறார், சித்தி! மையத்துக்கு இன்னும் தெரியாது. சமயம் வரும்போது மேடத்திடம் சொன்னால் துள்ளிக் குதிப்பார் என்று நினைக்கிறோம். பயிற்சியே இதற்குத்தானே!

ஆனந்தத்தில் கையெழுத்து கோணலாகப் போன,
வாத்தியாரம்மா

•

ஏப்ரல் 2

அன்பு வாத்தியாரம்மாவுக்கு,

தாமதத்துக்கு மன்னி. ஆண்டுக் கணக்கு முடிக்கும் நேரம், மூச்சுவிட முடியவில்லை. நீ பரீட்சை நன்றாக எழுதியிருப்பாய். எங்கள் கட்டடத்தில் லிஃப்ட் கெட்டுப்போய், ஒன்பது மாடி ஏறி இறங்கி என் இருமலுக்குப் புதுத் தெம்பு வந்திருக்கிறது.

அக்காவுக்கு எந்தக் கட்சி? வேறு யார் யாருக்குத் தெரியும்?

கண்ணைக் கெடுத்துக்கொள்ளாமல் படி.

சித்தி

•

ஏப்ரல் 10

அன்புள்ள சித்திக்கு,

இங்கே அனைவரும் நலம், அம்மாவின் முழங்கை உட்பட. இந்த வாரம் அது புகார் சொல்லவில்லை. ஒன்பது மாடி ஏறுகிறவருக்கு நாங்கள் என்ன நலம் கேட்பது என்று அம்மா கவலைப்படுகிறார்.

கட்சி ஒன்றும் இல்லை. கட்சிக்காரர்கள் சந்தைக்கு வரும்போது மூக்கைப் பிடித்துக்கொண்டுதானே வருகிறார்கள், அவர்கள் எப்படிக் கூப்பிடுவார்கள்? மூடி பிடிக்கும் ஜோடிகளுக்கும் எனக்கும் உங்களுக்கும் தவிர யாருக்கும் தெரியாது.

தேர்தல் அலுவலகத்தில் விசாரித்து வந்தேன். இதே வார்டில் ஓட்டு உள்ள பத்துப் பேர் முன்மொழிய வேண்டும். நேரில் வந்து எழுத்தர் முன்னால் கையெழுத்துப் போட வேண்டும். ஜூன் 27, பிற்பகல் மூன்று மணியோடு மனு வாங்குவது முடிகிறது. சாக்கடைக்காரர்களில் பாதிப் பேர் பக்கத்து வார்டு. ஆனாலும் தேறிவிடும் என்று ரேடியோ அக்கா விரல் விட்டு எண்ணிக்கொண்டிருக்கிறார்.

உங்கள் கடிதம் மிகவும் சிறியதாக இருந்தது. நான் எழுதியதில் தப்பு ஏதும் உண்டா?

வாத்தியாரம்மா

•

மே 15

அன்புள்ள சித்திக்கு,

நலமா? போன கடிதத்துக்குப் பதில் வரவில்லை. தபால்காரர் என்னைக் கண்டால் சைக்கிளைத் திருப்பிக்கொள்கிறார்.

திங்கட்கிழமை கைதட்டு மேடம் எங்கள் வீட்டுக்கு வந்தார். உட்காரச் சொன்னோம், உட்காரவில்லை. அம்மா பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த ஈரக்கையோடு நின்றார்.

"தேர்தல்ல நிக்கப்போறீங்களாமே?"

"ஆமா மேடம். உங்ககிட்ட நானே சொல்லணும்னு..."

"அப்படின்னா பயிற்சியில உங்களை வச்சுக்க முடியாதும்மா. நிதி விதி. வேட்பாளர் யாரையும் நாங்க ஆதரிக்கக்கூடாது. மேல இருந்து கண்டிப்பாச் சொல்லிட்டாங்க."

"அரசியலுக்கு வாங்கன்னு நீங்கதானே மேடம் கூப்பிட்டீங்க?"

"பங்கேற்கச் சொன்னோம்மா. போட்டியிடச் சொல்லலையே."

அம்மா இதைப் புரிந்துகொள்ள முயன்றதை நான் பார்த்தேன் சித்தி. கணக்கு வராத பிள்ளை கரும்பலகையைப் பார்ப்பதுபோல மேடத்தின் முகத்தைப் பார்த்தார். மேடம் வாசல்வரை போய்த் திரும்பி, "அந்த மூடியைப் பிடிக்கிற விஷயமெல்லாம் நல்லாத்தான் இருக்கு, ஆனா தேர்தல் அப்படி இல்லம்மா" என்றார். மறுநாள், அம்மாவுக்குக் கையெழுத்துப் போடுகிறவர்களுக்கும் பயிற்சியில் இடமில்லை, பயிற்சிக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்கும் படியும் இல்லை என்று எல்லோரிடமும் சொல்லிவிட்டார்கள்.

மூடியைப் பற்றி அவருக்கு எப்படித் தெரியும்? சாக்கடைக்காரர்கள் யாரும் சொல்லவில்லை என்று ஒவ்வொருத்தியும் அடித்துச் சொல்கிறாள். "எவளோ ஒருத்தி வாயை விட்டிருக்கா" என்று ரேடியோ அக்காவையே சந்தேகப்படுகிறார்கள், அவரும் மூன்று நாளாகப் பேசாமல் இருக்கிறார். ரேடியோ அக்கா பேசாமல் இருப்பது எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

'மேலே' என்றால் உங்கள் அலுவலகம்தானே? அங்கே இதைச் சொன்னது யார் என்று விசாரித்து எழுதுவீர்களா?

வாத்தியாரம்மா

•

மே 30

அன்புள்ள வாத்தியாரம்மாவுக்கு,

நலம். நீங்கள் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

உன் வருத்தம் புரிகிறது. ஆனால் இதை உணர்ச்சிவசப்படாமல் பார்க்க வேண்டும். நிதி பெறும் அமைப்புகள் எந்த வேட்பாளரோடும் சேர்த்துப் பேசப்பட்டால், நாளைக்கு அந்த நிதியே நின்றுபோகும். பல ஊர்களில் பல பெண்களுக்கு அது கேடு. நடுநிலை என்பது அவர்களைப் பாதுகாக்கத்தான். இப்படிப்பட்ட சூழலில் முன்கூட்டியே தகவல் தெரிந்தால் முன்கூட்டியே சரிசெய்யலாம், அதுதான் எல்லோருக்கும் நல்லது.

அக்கா அவசரப்பட வேண்டாம். அடுத்த தேர்தலுக்குப் பார்த்துக்கொள்ளலாம்.

எனக்கு ஒன்றும் கோபமில்லை என்று அவளிடம் சொல்.

சித்தி

•

ஜூன் 8

அன்புள்ள சித்திக்கு,

எங்கள் நலத்தை எழுதுவதற்கு முன் உங்கள் கடிதத்தை அம்மாவுக்கு வாசித்துக் காட்டியதைச் சொல்கிறேன். 'எனக்கு ஒன்றும் கோபமில்லை' என்ற இடத்தில் அம்மா நிமிர்ந்து பார்த்து, "அவளுக்கு எதுக்குக் கோபம் வரணும்?" என்று கேட்டார். 

மற்றபடி நலம். அம்மா அடுத்த தேர்தலுக்குக் காத்திருக்கவில்லை. ரேடியோ அக்கா மௌனத்தைக் கைவிட்டுவிட்டார். "படி போனா போகட்டும், அந்தத் தக்காளிக்கு எத்தனை தடவைதான் ஓட்டுப் போடறது" என்று முதலில் கையெழுத்துப் போட வருவதாகச் சொன்னது அவர்தான். அவரோடு சேர்த்து எங்கள் தெருக்காரர்கள் ஒன்பது பேர் வருகிறார்கள். அவ்வளவுதான் இந்த வார்டில்.

பத்தாவது ஆளுக்காக அம்மாவும் நானும் சந்தைத் தெருவில் வீடு வீடாகப் போனோம். பலசரக்குக் கடைக்காரர், "நல்ல காரியம்தான், ஆனா எல்லாரும் வந்து போற கடை" என்றார். மாடிவீட்டு அம்மா கதவைப் பாதி திறந்து, அம்மாவை எட்டி நிற்கச் சொல்லி, "உங்களுக்கெல்லாம் எதுக்கும்மா இது? சாக்கடையை ஒழுங்கா அள்ளினாலே போதுமே" என்றார். அவர் வீட்டுச் சாக்கடையை முந்தின நாள்தான் அம்மா அள்ளியிருந்தார். அம்மா தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு வைத்த குவளையை அவர் என்ன செய்தார் என்று எழுத எனக்குக் கை வரவில்லை.

சித்தி, வாக்காளர் பட்டியலைப் பார்த்தேன். உங்கள் பெயர் இன்னும் எங்கள் வீட்டு எண்ணில்தான் இருக்கிறது. நீங்கள் மாற்றவேயில்லை. நீங்கள் ஒருநாள் விடுப்பு எடுத்து வந்தால் போதும். உங்கள் அலுவலக விதி வேட்பாளருக்கு நிதி கொடுக்கக்கூடாது என்றுதானே சொல்கிறது, அக்காவுக்குக் கையெழுத்துப் போடக்கூடாது என்று சொல்லவில்லையே.

கேட்கட்டுமா என்று அம்மாவிடம் கேட்டேன். கை அலம்பிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். பிறகு, "கேளு. பள்ளிக்கூட லீவுல அவளும் ஒரு மாசம் சாக்கடையில இறங்கினா. அவ குனிஞ்சப்போ நான்தான் மூடியைப் பிடிச்சேன்" என்றார். இது எனக்குத் தெரியாது. நீங்கள் சொன்னதேயில்லை.

ஜூன் 27, மூன்று மணிக்குள்.

ஆவலோடு,
வாத்தியாரம்மா

•

ஜூன் 24

சித்திக்கு,

நேற்று நீங்கள் வந்தீர்கள். வரப்போவதாக எழுதவில்லை. நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன், நீங்கள் நின்ற இடத்திலிருந்து சில தெரிந்திருக்காது.

தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு அம்மா வருகிறார், ஆட்கள் போதவில்லை, வரிசையில் நின்றால் மட்டும் போதும் என்று கைதட்டு மேடம் அம்மாவையும் கூப்பிட்டு அனுப்பினார். அது நீங்களாக இருக்கும் என்று அம்மா யூகித்துவிட்டார். காலையிலேயே தலைக்குக் குளித்து, பெட்டியிலிருந்த நல்ல துணியைத் தேய்த்து உடுத்திக்கொண்டு போனார். மேடம் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"ஐயோ, இப்படியா வர்றது? வேலை செய்யற துணியோட வாங்கம்மா. அப்படியே சாக்கடையிலருந்து ஏறி வந்த மாதிரி இருக்கணும்."

அம்மா வீட்டுக்கு ஓடிப்போய், ஊறப்போட்டிருந்த அழுக்குத் துணியைப் பிழிந்து கட்டிக்கொண்டு வந்தார். எல்லோருக்கும் புதுக் கையுறை கொடுத்தார்கள். மஞ்சள் நிறம், முழங்கை வரை. வேலை செய்யும்போது இதில் ஒன்றைக்கூட நாங்கள் பார்த்ததில்லை. கூடத்தில் வாசனைத் தண்ணீர் தெளித்தார்கள். ஈரத் துணியின் சாக்கடை நாற்றமும் அந்த வாசனையும் கலந்து வந்ததை என்னால் விவரிக்க முடியவில்லை.

நான் வாசலருகே தண்ணீர் பாட்டில்களோடு நின்றேன். நீங்கள் என்னைத் தாண்டித்தான் உள்ளே போனீர்கள். விதி எனக்கும் தெரியும், அதனால் பார்வையைத் தாழ்த்திக்கொண்டேன். கையுறையைக் கழற்றச் சொல்லி, வரிசையாக ஒவ்வொருவரோடும் கை குலுக்கினீர்கள். "உங்களைச் சந்திச்சதுல ரொம்ப மகிழ்ச்சி" என்று ஒவ்வொருவரிடமும் சொன்னீர்கள். அம்மா கடைசியில் நின்றார். அம்மாவிடமும் அதையேதான் சொன்னீர்கள். படம் பிடிக்கிறவர் இன்னொரு தடவை குலுக்கச் சொன்னதால் இன்னொரு தடவையும் சொன்னீர்கள்.

"எனக்கும்தாங்க" என்றார் அம்மா.

அம்மா உங்களுக்கு 'ங்க' போட்டு இதற்கு முன் நான் கேட்டதில்லை.

பிறகு உங்களோடு வந்தவர் சின்ன பாட்டிலை நீட்டினார். கிருமி போகத் தேய்த்துக்கொள்வது. அவர் தேய்த்தார், அடுத்தவர் தேய்த்தார், நீங்களும் இரண்டு கைகளையும் நீட்டி வாங்கி, விரலிடுக்கு விரலிடுக்காகத் தேய்த்துக்கொண்டீர்கள். வரிசை இன்னும் கலையவில்லை. எல்லோரும் பார்த்துக்கொண்டுதான் நின்றார்கள்.

நான் பாட்டில்களைக் கீழே வைத்துவிட்டு வாசலுக்கு வெளியே போய் நின்றேன். நாற்றத்தால் இல்லை. அந்த நாற்றத்தில்தான் நான் பிறந்தேன்.

நீங்கள் போனதும் கையுறைகளை எண்ணி வாங்கிப் பெட்டியில் போட்டுக் கட்டிவிட்டார்கள். அடுத்த ஊரிலும் படம் எடுக்க வேண்டுமாம். வழியெல்லாம் அம்மா தன் உள்ளங்கையை முகர்ந்துகொண்டே வந்தார். "அவ கை எவ்வளவு மெத்துன்னு ஆயிடுச்சு பாத்தியா? நல்லா இருக்கட்டும்" என்றார்.

வேனுக்குப் போகும்போது கைதட்டு மேடம் உங்களிடம், "நீங்க முன்னாடியே சொல்லி எச்சரிச்சது ரொம்ப நல்லதாப் போச்சு" என்று சொன்னது என் காதில் விழுந்தது. மூடியைப் பற்றி நான் உங்களுக்கு மட்டும்தான் எழுதியிருந்தேன். ரேடியோ அக்காவிடம் எல்லோரும் மன்னிப்புக் கேட்க வேண்டும். யார் சொன்னது என்று அவர்களிடம் இன்னும் நான் சொல்லவில்லை. அம்மாவிடமும் சொல்லவில்லை.

நீங்கள் இன்னும் மூன்று நாள் இங்கே விடுதியில் இருப்பதாகக் கேள்விப்பட்டேன். தேர்தல் அலுவலகம் அதே சாலையில், நூலகத்துக்கு அடுத்த கட்டடம். நீங்கள் வருவீர்கள் என்று அம்மா நம்புகிறார். "அத்தனை பேர் முன்னாடி வேற என்ன பண்ணுவா பாவம்? தனியா வருவா" என்கிறார். இந்தக் கடிதத்தை விடுதி வரவேற்பில் நானே கொடுக்கிறேன்.

அக்கா மகள்

•

ஜூலை 9

என் செல்ல வாத்தியாரம்மாவுக்கு,

எப்படி இருக்கிறாய்? அக்கா எப்படி இருக்கிறாள்? எனக்கு ஊரிலிருந்து வந்ததிலிருந்து தூக்கமில்லை.

உன் கடிதம் கிடைத்தது. நீ இன்னும் குழந்தை. பெரியவளாகி ஒரு வேலையில் உட்கார்ந்தால் தெரியும், நமக்குப் பின்னால் எத்தனை கண்கள் இருக்கின்றன என்று. எல்லோரும் செய்யும்போது நான் மட்டும் கையை நீட்டாமல் இருந்தால் என்ன நினைப்பார்கள்? இருபத்தேழாம் தேதி வர எவ்வளவோ முயன்றேன். காலையிலேயே கிளம்ப வேண்டியதாகிவிட்டது, கூட வந்தவர்களுக்கு ரயில். என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

ஒரு நல்ல செய்தி. எங்கள் ஆண்டு மலரின் அட்டையில் அக்காவும் நானும் கை குலுக்கும் படம் வருகிறது. 'எழும் குரல்கள்' என்று தலைப்பு. அக்கா அவ்வளவு அழகாக விழுந்திருக்கிறாள். உள்ளே அந்த மூடிக் கதையையும் போடலாம் என்று எல்லோரும் ஆசைப்படுகிறார்கள். பெயர் வராது, ஊர் வராது. படித்தவர்கள் கண்கலங்கிவிட்டார்கள். அக்காவிடம் கேட்டு அனுமதி வாங்கி எழுது, சீக்கிரம் அச்சுக்குப் போகிறது.

அவள் என்ன சொன்னாள் என்றும் எழுது. எதுவாக இருந்தாலும் எழுது.

என்றும் உன்,
சித்தி

•

ஜூலை 16

சித்திக்கு,

இந்தமுறை உங்கள் நலத்தை நான் விசாரிக்கவில்லை. தூக்கமில்லை என்று எழுதியதைப் படித்துவிட்டு அம்மாதான் விசாரிக்கச் சொன்னார். அதனால் அம்மா விசாரித்ததாக வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் கடிதத்தை வாசிக்கும்போது அதுவரை மறைத்ததையும் அம்மாவிடம் சொல்லிவிட்டேன். மூடிக் கதையைப் போட்டுக்கொள்ளலாமா என்று கேட்டேன். அம்மா விளக்குமாற்றைக் கட்டிக்கொண்டிருந்தார். முடிச்சைப் பல்லால் இறுக்கிவிட்டுச் சொன்னார்: "யாரு பிடிச்சான்னு மட்டும் போட வேணாம். யாரு விட்டான்னும் சேர்த்துப் போடச் சொல்லு."

 சேர்த்துப் போடுவதற்கு உங்களுக்கு வேண்டியிருக்குமே என்று இருபத்தேழாம் தேதி நடந்ததை எழுதுகிறேன். உண்மையை எழுதுவேன் என்று ஜனவரியில் சொன்னதும் இதோடு முடிகிறது.

மதியத்துக்கு முன்பே நாங்கள் போய்விட்டோம். அன்று அம்மா அந்த நல்ல துணியை உடுத்தியிருந்தார். தேர்தல் அலுவலகம் ஒரு நீளமான அறை, சன்னல்களை அலமாரிகள் அடைத்திருப்பதால் பகலிலும் குழல்விளக்குகள் எரிகின்றன. ஒன்பது பேரும் வரிசையாகக் கையெழுத்துப் போட்டார்கள். ரேடியோ அக்கா தன் பெயரைப் பெரிதாக, கோட்டைத் தாண்டி எழுதினார். எழுத்தர் வயதானவர், மரியாதையாகப் பேசினார்.

"பத்தாவது ஆள் எங்கம்மா?"

"வந்துக்கிட்டு இருக்காங்க ஐயா. என் தங்கச்சி."

"உள்ளூர்தானா?"

"உள்ளூர்லதான் இருக்கா."

வாசலுக்கு நேராக உள்ள பெஞ்சில் அம்மா உட்கார்ந்தார். இரண்டு மணிக்குக் கொஞ்சம் பிறகு உங்கள் வெள்ளை வேன் வந்தது. காலையிலேயே கிளம்பியதாக எழுதியிருக்கிறீர்கள். பயிற்சி மையத்தின் பெயர் ஒட்டிய வேன் அது ஒன்றுதான். சன்னலோரத்தில் நீங்கள் இருந்தீர்கள். அலுவலக வாசலில் வேன் மெதுவானது. "சொன்னேன்ல?" என்று அம்மா எழுந்து நின்றார். துணியைச் சரிசெய்துகொண்டார். ரேடியோ அக்கா பேனாவைக் கையில் எடுத்தார்.

வாசலுக்கு முன்னால் வேகத்தடை இருக்கிறது. வேன் அதில் ஏறி இறங்கியதும் வேகமெடுத்துப் போய்விட்டது.

அம்மா நின்றுகொண்டேயிருந்தார். "திருப்பிட்டு வருவாங்க, அங்க வண்டி நிறுத்த இடமில்ல" என்று என்னிடம் சொன்னார். பிறகு உட்கார்ந்தார். ரேடியோ அக்கா தெருவில் இறங்கிப் போகிற வருகிறவர்களையெல்லாம் பிடித்து, "இந்த வார்டா, இந்த வார்டா?" என்று கேட்டார். ஒருவர் ஆமாம் என்றார். எதற்கு என்று தெரிந்ததும் கையை உதறிக்கொண்டு போனார்.

மூன்று மணிக்கு எழுத்தர் கடிகாரத்தைப் பார்த்தார். அம்மாவைப் பார்த்தார். மறுபடி கடிகாரத்தைப் பார்த்தார். இன்னும் கொஞ்ச நேரம் மேசையில் இருந்த காகிதங்களை அடுக்கினார், அடுக்கியதையே அடுக்கினார்.

"என்னால அவ்வளவுதாம்மா காத்திருக்க முடியும்" என்றார்.

"தெரியுதுங்க ஐயா."

மனுவை அம்மாவிடமே திருப்பிக் கொடுத்தார். எல்லோரும் வெளியே வந்தோம். அம்மா மட்டும் பெஞ்சிலேயே இருந்தார், கண் வாசலிலேயே இருந்தது. எழுத்தர் சாவிக்கொத்தோடு அறையின் அந்தக் கோடியிலிருந்து ஒவ்வொரு விளக்காக அணைத்துக்கொண்டு வந்தார். கடைசி விளக்கு அம்மாவின் தலைக்கு நேர்மேலே இருந்தது. அதன் கீழே கொஞ்சம் நின்றார்.

பிறகு அதையும் அணைத்தார்.